மேயருக்கு ஒரு வாடகை அறை

களுதாவளை
22.01.1996

பிள்ளையார் துணை.

கௌரியின் அப்பாவுக்கு, மங்கையற்கரசி எழுதிக்கொள்வது.

நானும் பிள்ளையும் சுகமாக வந்து சேர்ந்தோம். பட்டணத்துக்குப் போய்த்தான் பஸ் ஏறினோம், கல்லடிப் பாலத்தில் எல்லாரையும் இறக்கி நடக்கவிட்டார்கள். அங்கால் தடை இல்லை. அம்மா விட்டுப்போன வீடு கூரை பிரிந்து கிடக்கும் என்று பயந்துகொண்டுதான் வந்தேன். தங்கச்சி சீதேவிப்பிள்ளை ஆள் பிடித்து ஓலை போட்டு வைத்திருக்கிறாள். கிணற்றில் தண்ணீர் நல்லாக இருக்கிறது. பிள்ளையார் கோயில் மணி வீட்டுக்குக் கேட்கிறது.

கடிதத்தை இளையதம்பி மாஸ்டர் கொண்டுவருவார். இங்கிருந்து பட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்கு நாளாந்தம் பஸ்ஸில் போய்வருகிறவர். பாடக் கொப்பிக்குள் வைத்துக் கொண்டுவருவதாகச் சொன்னார். சோதனைச் சாவடியில் எடுத்து வாசித்தாலும் வாசிப்பார்களாம். வாசிக்கட்டும். பெண்சாதி புருஷனை வா என்று கூப்பிடுவதில் என்ன ரகசியம்.

வெளிக்கிடும்போது நான் உங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசினால் அழுதிருப்பேன், கௌரி பயந்திருப்பாள். உங்கள் மாநகர சபை உறுப்பினர் வினாயகமூர்த்தி அண்ணனைச் சந்தைக்குப் போன வழியில் சுட்டுப்போட்டார்கள். செத்த வீட்டில் அவருடைய மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னாள் தெரியுமா. “மங்கையக்கா, உங்கட ஆள எங்கயாவது கொண்டு போயிருங்க. எனக்கு ஒருத்தரும் முன்கூட்டிச் சொல்லல்ல” என்றாள். நாங்கள் வீட்டுக்கு வந்தால் உங்கள் பேருக்குக் கையெழுத்தில்லாத கடதாசி கிடக்கிறது. மேயர் வேலையை விடு, விடாவிட்டால் அடுத்தது நீ. நீங்கள் அதை வாசித்துவிட்டு, எழுதினவனுக்குச் சந்தி இலக்கணம் தெரியாது என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வழக்குப் பேசின காலத்தில் நான் ஒருநாளும் உங்களை மறித்ததில்லை. காணி வழக்கும் மாட்டு வழக்கும் பேசிக்கொண்டிருந்த அப்புக்காத்தர் நீங்கள், பொடியன்களைப் பிடித்துக்கொண்டு போகத் தொடங்கின பிறகு அந்தத் தாய்மாரின் வழக்குகளை எடுத்தீர்கள். விடியுமுன் அவர்கள் எங்கள் முற்றத்தில் வந்து குந்தியிருப்பார்கள். நான் தேத்தண்ணி ஊற்றினேன். அது புண்ணியம். மேயர் வேலை என்ன புண்ணியம்? கட்சிக்காரர் தங்களுக்குள் ஒத்துவராமல், ஒருத்தருக்கும் பகையில்லாத ஆள் என்று உங்களைக் கொண்டுபோய்க் கதிரையில் இருத்தினார்கள். இப்போது எல்லாருக்கும் பகையாளி நீங்கள்தான்.

விலகல் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள். உங்கள் பங்குக்கும் சேர்த்துத்தான் அரிசி அளக்கிறேன். அளந்துவிட்டுத் திரும்பக் கொட்டுகிறேன்.

மங்கையற்கரசி


கல்லடி
02.02.1996

அன்புள்ள மங்கைக்கு,

சோதனைச் சாவடியில் இதைப் பிரித்து வாசிக்கிற தம்பிக்கும் என் வணக்கம். மேலே இருப்பது என் மனைவியின் பெயர். இயக்கப் பெயர் அல்ல.

உன் கடிதம் கிடைத்தது. மாஸ்டர் சபைக்கே கொண்டுவந்து தந்தார். நான் அந்த நேரம் குப்பை இழுக்கிற உழவு மெஷினுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். டயர் இல்லை. கொழும்புக்கு எழுதினால் அது போர்த்தளவாடம் என்று பதில் வருகிறது. சபை பட்டறையில் வேலை செய்கிற கிளோட் பழைய டயருக்கு லொறி டயரைத் தைக்கிறான். “சேர், இது ஓடும். ஆனா நொண்டி நொண்டி ஓடும்” என்றான். நான் அவனிடம், என்னைப்போல என்றேன். இருபத்தைந்து வயதில் சட்டக் கல்லூரிக்கு ஒரே ஒரு கறுத்தக் கோட்டோடு போனபோது, வயதுபோன காலத்தில் டயருக்காகக் கும்பிட்டுக்கொண்டு திரிவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் வழக்குப் போட்டிருப்பேன்.

வா என்கிறாய். வந்தால் பின்னால் பொலிஸ் ஜீப் வரும். அது உன் வாசலில் நின்றுவிட்டுப் போனால் நாளைக்கு உன்னிடம் யார் வந்து என்ன கேட்பார்கள் என்று உனக்கே தெரியும். ஜீப் இல்லாமல் வந்தால் நான் வந்து சேர்வேனா என்பது சந்தேகம். விலகிவிட்டு வந்தால் ஜீப் தேவையில்லை என்பாய். உண்மைதான். அதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. காரணம் மட்டும் இருக்கிறது.

இதுவரை உன்னிடம் சொல்லாததைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் ஒருவரும் உரிமை கேட்டு வராத பிரேதங்களைப் புதைப்பது சபையின் பொறுப்பு. வாவியில் மிதந்து வருகிறவை, தெருவில் கிடக்கிறவை. பத்து வருஷமாக, ஆளைக் கொண்டுவந்து கோட்டில், நீதவான் முன்னால் நிறுத்து என்று மனுப் போட்டேன். ஒரு ஆளும் வரவில்லை. இப்போது ஆட்கள் என்னிடம் வருகிறார்கள், பேர் இல்லாமல். ஒவ்வொரு முறையும் நான் போய்ப் பார்க்கிறேன். சேட்டின் நிறம், பல்லு, கையில் கட்டின நூல், தழும்பு. எழுதி வைக்கப் பயம். எழுதினால் ஒரு பக்கத்தார் இல்லாவிட்டால் மற்றப் பக்கத்தார் வந்து எடுத்துவிடுவார்கள். ஆகவே ஞாபகத்தில் வைத்திருக்கிறேன். தாய்மார் வந்து கேட்கிறார்கள், “ஐயா, நீலச் சேட்டுப் போட்ட பிள்ளை ஒண்டு வந்ததா” என்று. சில வேளை என்னால் சொல்ல முடிகிறது. புதைத்த இடத்தைக் கொண்டுபோய்க் காட்ட முடிகிறது.

கதிரையில் இருக்கிறவனைத்தான் ஆஸ்பத்திரிக்காரர் கூப்பிடுவார்கள். எழும்பிவிட்டால் என்னைக் கூப்பிடமாட்டார்கள். அவ்வளவுதான் விஷயம்.

கௌரிக்கு அன்பைச் சொல். வீட்டில் நீ இல்லாமல் தேத்தண்ணிக்கு எவ்வளவு சீனி போடுவது என்று தெரியவில்லை.

க. கதிர்காமத்தம்பி


களுதாவளை
25.02.1996

பிள்ளையார் துணை.

கௌரியின் அப்பாவுக்கு,

நீங்கள் எழுதினதைச் சாமி அறையில் வைத்து வாசித்தேன். அந்தப் பிள்ளைகளுக்காக விளக்குக் கொளுத்தினேன். ஆனால் என் மனம் மாறவில்லை. செத்தவர்களை ஞாபகம் வைத்திருக்க உயிரோடு ஒரு ஆள் வேண்டும். உங்களையும் அடித்துப் போட்டால் அந்த நிறங்களை யார் சொல்லுவார்கள்? இதற்கு உங்களிடம் மறுமொழி இல்லை என்று எனக்குத் தெரியும்.

இப்போது வேறு ஒரு காரியம். கௌரிக்குச் சம்பந்தம் ஒன்று கூடிவந்திருக்கிறது. மாப்பிள்ளை அருமைநாயகம். சொந்த ஊர் செட்டிபாளையம், வேலை கொழும்பில், பாங்கியில். சாதகம் பொருந்துகிறது. கௌரிக்கும் விருப்பம். வைகாசியில் நாள் பார்த்திருக்கிறார்கள். கலியாணம் முடிந்து இரண்டு பேரும் கொழும்புக்குப் போவார்கள். எனக்கு அது போதும்.

சீதனம் கல்லடி வீடு. அது என் அம்மா எனக்குத் தந்தது. மூத்த பெண் கலியாணம் முடித்தால் வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டுத் தாய் தகப்பன் ஒதுங்குவது நம் வழக்கம். நான் ஒதுங்கிவிட்டேன். நீங்களும் ஒதுங்க வேண்டும். வீட்டு உறுதிப் பத்திரத்தை நீங்களே எழுதுங்கள், உங்களைவிட நல்லாக எழுதுகிறவர் இந்தப் பக்கத்தில் இல்லை. கலியாணத்துக்கு முதல் வீடு வெறும் வீடாக இருக்க வேண்டும். பூட்டித் திறப்பைப் பிள்ளையின் கையில் கொடுப்போம்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. மிச்சத்தை உங்கள் வழக்குக் கட்டுகளில் படித்தேன். சபை எல்லைக்குள் வீடு வாசல் இல்லாத ஆள் சபையில் இருக்க முடியாது என்று நீங்கள் யாருக்கோ சொன்னதைத் தேத்தண்ணி கொண்டுவந்தபோது கேட்டிருக்கிறேன். அதை நினைத்துத்தான் இப்படிச் செய்கிறேன் என்று நீங்கள் நினைத்தால், நினையுங்கள். பொய் சொல்லமாட்டேன்.

வீடு இங்கே இருக்கிறது. சின்ன வீடு. இரண்டு பேருக்குப் போதும்.

மங்கையற்கரசி


கல்லடி
10.03.1996

அன்புள்ள மங்கைக்கு,

உறுதியை எழுதிவிட்டேன். நான் எழுதி, நண்பர் ஒருவர் நொத்தாரிசாக நின்று முடித்துத் தருவார். நீ களுவாஞ்சிகுடியில் போய்க் கையெழுத்து வைத்தால் காணும். காணி அளவுகள், எல்லைகள், தென்னைகள், கிணறு எல்லாம் சரி. “தற்போது அவ்வீட்டில் வசிக்கும் எவரும் விலகி வெறுமையான உடைமை கொடுக்கவேண்டும்” என்று ஒரு வரி எழுதவேண்டியிருந்தது. எத்தனையோ பேருக்கு அந்த வரியை எழுதியிருக்கிறேன். இந்த முறை பேனை நின்றுவிட்டது. எவரும் என்பது நான் ஒருவன்தான்.

மாப்பிள்ளையை விசாரித்தேன். நல்ல பொடியன். எனக்குச் சம்மதம்.

சட்டத்தைப் பற்றி: நீ கேட்டது சரி, ஆனால் பாதிதான். வாக்காளர் இடாப்பில் பேர் இருக்கவேண்டும். இடாப்பில் பேர் இருக்க வீடு தேவையில்லை. ஒரு அறை போதும். புளியந்தீவில் மவுறீன் என்று ஒரு பறங்கி அம்மா, கிளோட்டின் மாமி, ஒரு அறையைத் தருவதாகச் சொன்னாள்.

இனி எழுதப்போவதை வழக்கறிஞனாக அல்ல, புருஷனாக எழுதுகிறேன். நம் பக்கத்தில் புருஷன் பெண்சாதியின் வீட்டில் இருக்கிறான். அவன் வேண்டாம் என்று அவள் முடிவெடுத்தால் கோடும் கச்சேரியும் தேவையில்லை. அவனுடைய பெட்டியைப் படலைக்கு வெளியே வைப்பாள். அவன் தூக்கிக்கொண்டு போவான். ஊர் அதோடு விளங்கிக்கொள்ளும். இப்போது உன் வீட்டிலிருந்து என்னை வெளியே போகச் சொல்லியிருக்கிறாய். பிள்ளைக்கு வீடு கொடுக்கச் சொன்னாயா, என் பெட்டியை வெளியே வைத்தாயா? எனக்குத் தெரியவேண்டும். இரண்டாவது அல்ல என்றால் அப்படி ஒரு வரி எழுது.

கதிர்காமத்தம்பி


களுதாவளை
24.03.1996

பிள்ளையார் துணை.

கௌரியின் அப்பாவுக்கு,

உறுதியில் கையெழுத்து வைத்துவிட்டேன். எழுத்து வழக்கம்போல அழகாக இருந்தது.

அறை எடுத்தீர்களாம். மாஸ்டர் சொன்னார். வீடு இருக்கும்போது, பெண்சாதி இருக்கும்போது, அறுபதை எட்டிப் பார்க்கிற மனுஷன் பறங்கி அம்மாவின் வீட்டில் வாடகைக்கு இருக்கப் போகிறார். கோயிலுக்குப் போனால் சனம் என் முகத்தைப் பார்க்கிறது. தங்கச்சி சீதேவிப்பிள்ளை, “அத்தானுக்குக் கதிரதான் பெண்சாதி, நீ சும்மா வெத்திலச் செலவு” என்றாள். சிரிப்புக்குத்தான் சொன்னாள். நான் குசினிக்குள் போய்விட்டேன்.

பெட்டியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெட்டியைத் தூக்கினவர் நீங்கள்தான். நான் உங்களைக் கூப்பிட்டது இந்த வீட்டுக்கு. நீங்கள் போனது அந்த வீட்டுக்கு. அதற்குமேல் எழுத என்னிடம் ஒரு வரியும் இல்லை.

கலியாணம் வைகாசி 15, அதாவது மே 28. முகூர்த்தம் காலை. தகப்பன் இல்லாமல் தாரை வார்க்க முடியாது. அதற்காவது வாருங்கள்.

மங்கையற்கரசி


புளியந்தீவு
18.04.1996

அன்புள்ள மங்கைக்கு,

நீ எழுதினதை அதற்குரிய மரியாதையோடு ஏற்றுக்கொண்டேன். பெட்டி என்னிடம் இருக்கிறது. அதைப் பற்றி இனி எழுதமாட்டேன்.

கல்லடி வீட்டைக் கூட்டிக் கழுவிப் பூட்டினேன். திறப்பை மாஸ்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். சாமி அறைப் படங்களைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன், அவற்றை நீ எடுத்துக்கொள்.

அறை பரவாயில்லை. ஒரு யன்னல் வாவியைப் பார்க்கிறது, அது ஒன்றுதான் யன்னல். கட்டில் இல்லாமல் இருந்தது. கிளோட் செய்து தருகிறேன் என்றான். ஒரு கிழமை கழித்துக் கொண்டுவந்தான். நல்ல பலகை, இழைப்பு மினுமினுப்பாக இருந்தது. எங்கே பிடித்தாய் என்று கேட்டேன். “சேர், கோபிக்கப்படாது. ஊரில வேற பலகை இல்ல. சவப்பெட்டிக்கு வாங்கினதுதான். ரெண்டு பெட்டிக்குக் காணும், சேருக்கு ஒரு கட்டில்” என்றான். மவுறீன் அவனை விளக்குமாற்றால் அடிக்கப் போனாள். நான் படுத்துப் பார்த்தேன். முதுகுக்கு நல்லது.

மவுறீன் என்னிடம், “சேர், உங்கட நோனா எப்ப வருவா” என்று கேட்கிறாள். வரமாட்டா என்றேன். “சண்டையா?” என்றாள். எங்கள் ஆட்களில் பெண்கள் புருஷன் இருக்கிற இடத்துக்குப் போவதில்லை, புருஷன்தான் பெண்ணின் இடத்துக்குப் போவான் என்று சொன்னேன். அவள் யோசித்துவிட்டு, “அப்ப உங்களுக்குப் போறதுக்கு இடம் இல்லையே” என்றாள்.

கல்லடி வீடு பூட்டிக் கிடப்பதால் தாய்மார் இப்போது சபைக்கு வருகிறார்கள். வாசலில் காவலுக்கு நிற்கிறவர்களைக் கண்டு சிலர் திரும்பிப் போய்விடுகிறார்கள். உன் முற்றத்தில் அந்தப் பயம் இருக்கவில்லை.

கலியாணத்துக்கு வருவேன். ஜீப்பைச் செட்டிபாளையத்தில் நிறுத்திவிட்டு அங்கிருந்து கிளோட்டின் மோட்டார் சைக்கிளில் வருகிறேன். தாரை வார்த்துவிட்டுப் போய்விடுவேன். உனக்குத் தொந்தரவு இராது.

க. கதிர்காமத்தம்பி


களுதாவளை
30.05.1996

மேயர் அவர்களுக்கு,

கலியாணம் நல்லபடியாக முடிந்தது. உங்கள் மகளைச் சீதேவிப்பிள்ளையின் புருஷன் தாரை வார்த்துக் கொடுத்தார்.

உங்களுக்காக முகூர்த்தத்தை நீட்டினோம். குருக்கள் மூன்று முறை என் முகத்தைப் பார்த்தார். அடுத்த தெருவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும்போதெல்லாம் கௌரி தலையைத் தூக்கிப் பார்த்தாள். மணவறையில் இருக்கிற பிள்ளை அப்படி வாசலைப் பார்க்கக் கூடாது. மாப்பிள்ளையின் தாய் என் காதுக்குள், “மேயர் ஐயா வேலைப் பறதியோ?” என்றா. ஓம் என்றேன்.

செத்துப்போனீர்களோ என்று பயந்தேன். மத்தியானம் மாஸ்டர் பட்டணத்திலிருந்து வந்து, உயிரோடு இருக்கிறார், காலையில் பட்டணத்தில் கண்டேன் என்றார். அதன் பிறகுதான் கோபமே வந்தது. கோபம் வர முதல் இருந்த அந்த நேரத்தை உங்களுக்கு எப்படிச் சொல்லுவேன் என்று தெரியவில்லை.

பிள்ளையும் மருமகனும் நாளைக்குக் கொழும்புக்குப் போகிறார்கள். நான் இனி கடிதம் எழுதமாட்டேன்.

மங்கையற்கரசி


புளியந்தீவு
04.06.1996

மங்கைக்கு,

நான் வராதது பிழை. கௌரியிடம் தனியாக எழுதி மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். சபை வேலை ஒன்று வந்துவிட்டது. அதற்குமேல் காரணம் சொல்ல எனக்கு உரிமை இல்லை, உனக்குக் கேட்கவேண்டிய கடமையும் இல்லை.

கதிர்காமத்தம்பி


களுதாவளை
12.06.1996

பிள்ளையார் துணை.

கௌரியின் அப்பாவுக்கு,

எழுதமாட்டேன் என்று சொன்னவள் எழுதுகிறேன். பிள்ளையார் கோபித்துக்கொள்ளமாட்டார்.

நேற்று பின்னேரம் ஒரு மனுஷி வந்தா. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். காலில் செருப்பில்லை. படலைக்கு வெளியே நின்றுகொண்டு, “இது மேயர் ஐயாட வீடா புள்ள?” என்று கேட்டா. உள்ளே வாங்க என்றேன். வரவில்லை. பேர் ஆச்சிப்பிள்ளை என்றா, ஊர் குருக்கள்மடம்.

“உங்கட மகள்ற கலியாணத்தண்டு ஐயாவ மறிச்சது நான்தான். அதச் சொல்லத்தான் வந்தன்” என்றா.

நான் அப்படியே குந்திவிட்டேன். அவவும் படலைக்கு அங்கால் குந்தினா. இரண்டு பேருக்கும் நடுவில் படலை. நான் கேட்கவில்லை, அவவாகத்தான் சொன்னா.

“என்ர மகன் காணாமப் போய் ரெண்டு வருசம். கட்டம் போட்ட சேட்டு, கையில கதிர்காமத்து நூல். ஒவ்வொரு கிழமையும் ஐயாட்டப் போவன். இல்லயம்மா, இன்னும் வரல்ல எண்டுவார். அண்டைக்கு விடிய நான் பட்டணத்தில நிக்கிறன், ஐயா புது வேட்டி சால்வையோட ஜீப்பில ஏறுறார். அந்த நேரம் ஆஸ்பத்திரில இருந்து ஆள் வந்தான். வாவியில ஒண்டு கரை ஒதுங்கியிருக்கு எண்டான். ஐயா என்னப் பாத்தார். நான் ஒண்டும் கேக்கல்ல புள்ள. சத்தியமா கேக்கல்ல. அவர் இறங்கிட்டார்.”

அந்தப் பிரேதம் அவவுடைய மகன்தானா என்று கேட்கப் பயமாக இருந்தது. அவவே சொன்னா. “அவன்தான். முகம் இல்ல. நூல் இருந்திச்சு. ஐயாதான் கழுவினவர். புதுச் சால்வையால மூடினவர். மண்ணுப் போட்டு முடிய மத்தியானம். மறுகாதான், அம்மா, இண்டைக்கு என்ர மகளுக்குக் கலியாணம் எண்டார். நான் என்னத்தச் சொல்ல? அழுகையும் வரல்ல எனக்கு.”

வாழைப்பழத்தைப் படலைக்குக் கீழால் தள்ளிவிட்டா. “பொண்ணு மாப்பிள்ளைக்கு. வீட்டு மரத்துக் குலை” என்றா. அவர்கள் கொழும்புக்குப் போய்விட்டார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போகும்போது கிறுகிப் பார்த்து, “ஐயா இப்ப எங்க இருக்கார் புள்ள? கல்லடி வீடு பூட்டிக் கிடக்கு. சபையில காவலுக்கு நிக்கிறவங்களுக்குப் பயந்த தாய்மாரும் கேக்கிறாளுகள்” என்றா.

பறங்கி அம்மாவின் வாடகை அறையில் என்று ஒரு தாய்க்குச் சொல்ல வெட்கப்பட்டேன். அந்த வீட்டைப் பூட்டினது நான். உங்களை வெளியே எடுக்கப் பூட்டினேன். அவர்களைத்தான் வெளியே விட்டுவிட்டேன்.

பெட்டியைப் பற்றி நீங்கள் ஒரு வரி கேட்டீர்கள். அதை அப்போதே எழுதியிருக்க வேண்டும். கோபத்தில் எழுதவில்லை. நான் உங்கள் பெட்டியை வெளியே வைக்கவில்லை. வீடு இல்லாவிட்டால் என்னிடம் வருவீர்கள் என்று நினைத்தேன். அவ்வளவுதான். இத்தனை வருஷம் என் வீட்டில் இருந்த மனுஷன், போகச் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டு சவப்பெட்டிப் பலகையில் படுத்திருக்கிறார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

நான் அங்கே வரப்போகிறேன். மவுறீன் அம்மாவிடம் சொல்லி வையுங்கள்.

மங்கையற்கரசி


புளியந்தீவு
15.06.1996

அன்புள்ள மங்கைக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். அந்த ஒரு வரியை எத்தனை தரம் என்று சொல்லமாட்டேன்.

ஆனால் வராதே. முந்தாநாள் இன்னொரு கடதாசி வந்தது. இந்த முறை சபைக்கு அல்ல. மவுறீனின் விறாந்தையில் கல்லில் சுற்றிப் போட்டிருந்தார்கள். அறை எது, யன்னல் எது என்று எழுதியிருந்தது. இந்த முறை சந்தி சரியாக இருந்தது, வேறு ஆளாக இருக்கவேண்டும். எந்தப் பக்கத்து ஆள் என்று விசாரிக்கக்கூட எனக்குக் களைப்பாக இருக்கிறது. மவுறீனை மகளின் வீட்டுக்குப் போகச் சொன்னேன். “இது என்ட வீடு, சேர். போறதெண்டா நீங்க போங்க” என்றாள். பெண்சாதி வீடு, பறங்கி வீடு, எங்கே போனாலும் இதே பேச்சுத்தான்.

நான் விலகவேண்டும் என்று நீ கேட்டதில் நியாயம் இருந்தது. இப்போதும் இருக்கிறது. உன்னை எதிர்த்து ஒரு வழக்கும் என்னால் வெல்ல முடிந்ததில்லை. என்றாலும் எழும்ப முடியவில்லை, மங்கை. எழும்பலாம் என்று நினைக்கிற ஒவ்வொரு நாளும் யாராவது ஒருத்தி சேட்டின் நிறத்தோடு வாசலில் நிற்கிறாள்.

நீ அங்கே கோயிலோடு இரு. ஆனிக் கொடியேற்றம் வருகிறது. எனக்காகவும் ஒரு தேங்காய் உடை.

உன்
கதிர்காமத்தம்பி


களுதாவளை
17.06.1996

பிள்ளையார் துணை.

கௌரியின் அப்பாவுக்கு,

கொடியேற்றத்துக்கு நான் நிற்கமாட்டேன். பிள்ளையாரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். சிறுபிள்ளையாக இருந்த காலத்திலிருந்து பட்டணத்திலிருந்தாலும் கொடியேற்றத்துக்கு வந்து நிற்பேன், ஒருமுறையும் தவறினதில்லை. இந்த முறை தவறட்டும்.

சீதேவிப்பிள்ளை அழுகிறாள். “நம்மட குடியில ஒரு பொண்ணும் புருசன்ட இடத்துக்குப் பெட்டி தூக்கினதில்ல அக்கா, அதுவும் வாடகை அறைக்கு” என்கிறாள். நான் அவளிடம், புருஷன் வீட்டுக்குப் போகவில்லை, மவுறீன் என்ற ஒரு பொம்பிளையின் வீட்டுக்குத்தான் போகிறேன், வழக்கத்துக்குப் பிழை இல்லை என்றேன். அவள் சிரித்துவிட்டுத் திரும்பவும் அழுதாள். இந்த வீட்டுத் திறப்பை அவளிடம் கொடுத்துவிட்டேன். ஆச்சிப்பிள்ளையும் மற்றத் தாய்மாரும் இங்கே வந்து கேட்டால் புளியந்தீவுக்கு வழி சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

விலகுங்கள் என்று இனிக் கேட்கமாட்டேன். கேட்டுக் களைத்துவிட்டேன். கேட்டால் நீங்களும் களைக்கிறீர்கள். உங்களைக் கொல்லப்போகிறவனை என்னால் மறிக்க முடியாது. மாசியில் நான் ஒரு கேள்வி எழுதினேன், உங்களையும் அடித்துப் போட்டால் அந்த நிறங்களை யார் சொல்லுவார்கள் என்று. அதற்கு நீங்கள் மறுமொழி எழுதவில்லை. மறுமொழி என்னிடம்தான் இருந்திருக்கிறது.

வீட்டுக் கணக்கை நான் கொப்பியில் எழுதுவது உங்களுக்குத் தெரியும். எழுதினதைத் திரும்பப் பார்க்காமல் சொல்லுவேன் என்பதும் தெரியும். போன வருஷத்து நெல்லையும் தேங்காயையும் இப்போது கேட்டாலும் சொல்லுவேன். எழுதப் பயம் என்றால் எழுதவேண்டாம். நான் சமைத்துக்கொண்டிருப்பேன், நீங்கள் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு ஆளாகச் சொல்லுங்கள். சேட்டு, பல்லு, நூல், புதைத்த இடம். நான் திருப்பிச் சொல்லுவேன். பிழைத்தால் திருத்துங்கள்.

நாளைக்குக் காலைப் பஸ்ஸில் வாறன். முதல் ஆளிலிருந்து தொடங்குவோம்.

மங்கையற்கரசி